ஸ்டிக்கர் மறைத்த இடம்

உடைந்த பலகையின் மூன்று துண்டுகளையும் மேசைமேல் சேர்த்து வைத்தபோது மணி எட்டேகால். பன்னிரண்டு மணிக்கு இதே துறைமுக அலுவலகத்தின் மாடியில் ஒருவர் உட்கார்ந்து, தன் தங்கை புருஷன் செத்ததற்குத் தானே காரணம் என்று கையெழுத்துப் போடப்போகிறார். போட்டால் முதலில் தொழில் உரிமம் போகும். பிறகு வழக்கு, அதன்பின் சிறை.

"மூணே துண்டு. ஒண்ணுகூடத் தொலையல," என்றார் மச்சான்.

"நான் உடைச்ச டீ கிளாஸ் எதுவும் இவ்வளவு ஒழுங்கா உடைஞ்சதில்ல."

மச்சான் சிரிக்கவில்லை. அவர் சிரித்து எட்டு மாதம் ஆகிறது. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான். அவருடைய தங்கைதான் என் மனைவி. அவள் போன பிறகு, துப்பறியும் தொழிலில் இருந்த அவரும் ஒரு தொழிலும் இல்லாமல் இருந்த நானும் ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில், ஒரே ஸ்கூட்டரில் காலத்தைத் தள்ளுகிறோம். அழ வேண்டிய அளவுக்கு இரண்டு பேருமே அழவில்லை. பல் பிடுங்கிய பிறகு உதடு மரத்துக் கிடக்குமே, அப்படித்தான் நாள் போகிறது.

வழக்கு இதுதான். இறந்தவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். ஓய்வுபெற்ற படகோட்டி. மனைவியோடு ஒரு சின்னப் படகிலேயே குடித்தனம். சமையல் மேடைக்கு நேர் மேலே, படகின் மேல்தளத்தில், ஒரு சதுரக் கதவு. படகுக்காரர்கள் அதை ஹேட்ச் என்பார்கள். அலுமினியச் சட்டத்துக்குள் விரல் தடிமனில், கண்ணாடி மாதிரி இருக்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் பலகை; மூடினால் வெளிச்சம் உள்ளே வரும், திறந்தால் புகை வெளியே போகும். வெயில் பட்டுப் பட்டுப் பழுத்து, ஆடை படர்ந்த பால் மாதிரி மங்கிப்போயிருந்த அந்தப் பலகையை, ஏழு மாதத்துக்கு முன் தேய்த்துத் தெளிய வைத்தவர் கேப்டன் மனைவியின் சொந்த அண்ணன். துறைமுகத்தில் அவருக்குப் பெயரே பாலிஷ்காரர். பதினோரு நாளைக்கு முன்பு ஒரு காலையில் கேப்டன் வழக்கம்போல அந்தப் பலகைமேல் கால் வைத்தார். பலகை உடைந்துவிட்டது. கீழே டீ போட்டுக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் வந்து விழுந்தார். தலை படியில் பட்டது. டீ கொதித்து வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் அந்த அம்மாள் நின்றிருந்தாராம்.

மூன்று நாளைக்கு முன்பு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குள்ளமான உருவம், நாற்காலியில் கால் தரையைத் தொடவில்லை. "பலகை ஏன் உடைஞ்சதுன்னு சொல்லுங்க. அண்ணன் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றார். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. அண்ணனோடு ஒரு வாரமாகப் பேச்சே இல்லை என்றும் சொன்னார். அண்ணனை வசமாக மாட்டிவிடப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நகத்தை ஓட்டிப் பாரு மாப்ள," என்றார் மச்சான்.

ஓட்டினேன். வழவழவென்று போனது. சாய்த்துப் பிடித்தால் மட்டும் உள்ளுக்குள் மீன் செதில் மாதிரி ஏதோ மின்னியது.

"கீறலா இருந்தா நகம் தட்டும். தேய்ச்சு எடுத்துடலாம். இது நுண் விரிசல். மருந்து பட்டு வர்றது. எந்தப் பக்கத்துல இருக்குன்னு பார்க்கணும்." சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்த மைப்பெட்டியை எடு."

"அது அரசாங்க மை மச்சான். முத்திரை வைக்கிறது."

"நாமளும் அரசாங்கத்துக்குத்தான் உதவி செய்யறோம்."

மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா எங்களை முறைத்தார். ஆனால் வழக்கை விசாரிக்கும் துறைமுக அதிகாரி அனுமதித்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. மச்சான் பலகையின் வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டு நீல மையைத் தடவி, துணியால் துடைத்தார். சுத்தமாக வந்துவிட்டது. புரட்டி, உள்பக்கத்தில் தடவித் துடைத்தார். மை போகவில்லை. ஆயிரக்கணக்கான மயிரிழைக் கோடுகளில் இறங்கி நின்றுகொண்டது. முழுக்கத் தடவி முடித்ததும் பலகையில் ஒரு பெரிய நீல வட்டம் தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த வட்டம். நான்கு மூலைகளிலும் ஒரு கோடுகூட இல்லை.

"மேல இருந்துதான மிதிச்சாரு? உள்பக்கம் விரிசல் விட்டா என்ன வந்தது?"

மச்சான் குமாஸ்தாவின் காய்ந்துபோன ரப்பரை எடுத்து, இரண்டு விரலில் தாங்கிப் பிடித்து, நடுவில் அமுக்கினார். ரப்பரின் அடிப்பக்கம் வெடித்து வாய் பிளந்தது. "மேலேர்ந்து அமுக்கினா இழுபடறது கீழ்ப்பக்கம்தான்," என்றார். குமாஸ்தா ரப்பரைத் திரும்பக் கேட்கவில்லை.

பலகையின் ஓரத்தில், வட்டத்துக்குள், துறைமுக அனுமதி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. வெளியே நிற்கிற அதிகாரி படிக்க வசதியாக உள்பக்கமாக ஒட்டுவது வழக்கம். மச்சான் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பொறுமையாக நகத்தால் நெம்பி உரித்தார். அந்த இடத்திலும் மை தடவித் துடைத்தார்.

ஸ்டிக்கர் இருந்த நீள்சதுரம் மட்டும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை.

"ஸ்டிக்கர்ல தேதி என்ன?"

"ஏப்ரல் ரெண்டு."

"பத்திரமா வை," என்று மட்டும் சொன்னார்.

கேப்டனின் படகு மூன்றாவது மேடையில் கட்டிக் கிடந்தது. ஹேட்ச் இருந்த இடத்தில் இப்போது வெறும் சட்டம். அதன் வழியாக வெயில் சமையல் மேடைமேல் சதுரமாக விழுந்திருந்தது. யாரோ தரையைக் கழுவியிருந்தார்கள். அடுப்பு, இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி. டம்ளர்கள் இரண்டும் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன. அதைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"அந்தப் படிமேல ஏறி நில்லு. கையைத் தூக்கித் துடைக்கிற மாதிரி காட்டு," என்றார் மச்சான்.

ஏறி நின்றேன். தலை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பக்கத்துப் படகில் இருந்தவர் எனக்கு வணக்கம் சொன்னார்.

"முழங்காலை மடக்கு. இன்னும். அஞ்சடிக்குக் கீழ வா."

"போற போக்குல என்னைத் தவழ விட்டுடுவீங்க."

மடக்கி நின்று கையை வட்டமாகச் சுற்றினேன். படி இருந்த பக்கத்து ஓரம் எட்டியது. எதிர் ஓரம் எட்டவில்லை. நான்கு மூலைகளும் எட்டவில்லை. மச்சான் ஒரு குச்சியால் என் கை போன தடத்தை அளந்து, மேசைமேல் பார்த்த நீல வட்டத்தின் அளவோடு ஒப்பிட்டார். இரண்டும் சரியாக இருந்தன.

அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில், எண்ணெய்ப் பிசுக்கின் நடுவே, ஒரு பாட்டிலின் அடித்தடம் வட்டமாகத் தெரிந்தது. சுற்றிலும் காய்ந்த நீலச் சொட்டுகள். பாட்டில் மட்டும் இல்லை.

முழங்காலை மடக்கியபடியே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில் தினமும் ஆவியும் எண்ணெயும் படியும். தினமும் ஒருவர் துடைப்பார். கண்ணாடி என்று நினைத்து, கண்ணாடி துடைக்கிற மருந்தை அடித்து.

"மச்சான், அந்தம்மா..."

"பாலிஷ்காரரைப் பார்த்துட்டுப் பேசிக்கலாம்," என்று மேலே ஏறினார்.

பாலிஷ்காரரின் பட்டறை தகரக் கூரை போட்ட ஒரே அறை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் தன் வாழ்க்கையை எழுதிக் கொடுக்கப்போகிற மனிதர், யாருக்கோ ஒப்புக்கொண்ட ஹேட்ச் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளித் தண்ணீர். சுவரில் ஆணி அடித்து உப்புத்தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்.

"கொடுத்த வேலையை முடிச்சுட்டுப் போயிடலாம்னு," என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"எப்படி செய்வீங்கன்னு சொல்லுங்களேன்," என்றார் மச்சான்.

"முதல்ல சோப்புத் தண்ணி. உப்பும் மணலும் போகாம துணி வச்சா அதுவே கீறிடும். அப்புறம் நானூறாம் நம்பர் தாள், அறுநூறு, எண்ணூறு, ஆயிரம், ரெண்டாயிரம். ஒரு தாள் நீளவாக்குல, அடுத்தது குறுக்க. அப்பத்தான் முன்ன போட்ட கோடு போச்சான்னு தெரியும். தண்ணி இல்லாம தேய்க்கக் கூடாது. கடைசியா மெஷின்ல பாலிஷ். மெஷினை ஒரே இடத்துல நிறுத்தினா உருகிடும்."

"மூலையெல்லாம்?"

"மூலையிலதான் ஆரம்பிப்பேன். மூலையை விட்டவன் வேலை தெரியாதவன்."

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சதாலதான் விரிசல் விட்டுதுன்னு வாக்குமூலத்துல சொல்லியிருக்கீங்க. எந்தப் பக்கம் துடைச்சீங்க?"

"ரெண்டு பக்கமும்."

மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அலமாரியில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். "இந்தப் பலகையையும் ஒரு தடவை துடைச்சிடலாமா அண்ணே? பளபளன்னு இருக்கும்," என்று சாய்த்தேன்.

அவருடைய இரண்டு கைகளும் பாய்ந்து வந்து பலகையை மூடிக்கொண்டன. ஸ்பிரிட் அவர் புறங்கையில் கொட்டியது. முகம் அசையவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"இவ்வளவு பதறுற கை, மாப்பிள்ளை நடக்குற பலகையில ஸ்பிரிட்டை ஊத்துமா?" என்றேன்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீங்க வேலையை முடிச்சு மாட்டிக் குடுத்தது எப்ப?"

"மார்ச் பத்து. அடுத்த நாள் மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள்."

"இந்த ஸ்டிக்கர் ஒட்டினது ஏப்ரல் ரெண்டு. இதுக்குக் கீழ பலகை சுத்தமா இருக்கு. சுத்திலும் விரிசல். உங்க ஸ்பிரிட்டா இருந்தா ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடியே விரிசல் விட்டிருக்கணும், இந்த இடத்துலயும் இருக்கணும். விரிசல் வந்தது அப்புறம்தான். வெளிப்பக்கத்துல ஒண்ணுகூட இல்ல. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல."

குற்றமில்லை என்று ஒருவரிடம் சொன்னால் அவர் முகத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் வரும் என்று நினைத்திருந்தேன். பாலிஷ்காரர் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஸ்டிக்கரை எங்கள் பக்கமே தள்ளினார்.

"இதை நீங்க பார்க்கலன்னு வச்சுக்கலாமா சார்?"

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. அவளைத் தூக்கி வெளிய உக்கார வச்சுட்டு உள்ள போனேன். உடைஞ்ச துண்டையும் பார்த்தேன், அடுப்புக்குப் பக்கத்துல அந்த பாட்டிலையும் பார்த்தேன். நான் சொல்லியிருக்கணும். மாட்டிக் குடுக்கும்போது, இது கண்ணாடி இல்லம்மா, சோப்புத் தண்ணி தவிர எதுவும் போடாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஊர்ல எல்லாருக்கும் சொல்லுவேன். தங்கச்சிதானேன்னு விட்டுட்டேன்." பலகையில் நின்ற ஈரத்தை விரலால் வழித்தார். "என்னைத் திட்டிக்கிட்டே அவ உயிரோட இருந்துடுவா. தன்னையே திட்டிக்க ஆரம்பிச்சா இருக்க மாட்டா. எனக்கு அவளைத் தெரியும்."

மறுபடியும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். குறுக்குவாட்டில் தேய்க்க ஆரம்பித்தார்.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றோம். மணி பத்தே முக்கால்.

"சொல்ல வேண்டாம் மச்சான். ஏன் உடைஞ்சதுன்னு தெரியலன்னு சொல்லிடலாம். அதிகாரிகிட்ட மட்டும் ஸ்டிக்கரைக் குடுத்தா அண்ணனும் தப்பிச்சுடுவாரு."

"யார் செஞ்சதுன்னு அதிகாரி கேப்பாரு."

"நாம கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லுவோம். நம்மளைப் பார்த்தா நம்புவாங்க."

மச்சான் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போய்க்கலாம்னு சொன்னது யாரு மாப்ள?"

எட்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. என் மனைவி காய்ச்சல் என்று படுத்த மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நான்தான்," என்றேன்.

"எனக்கும் போன் பண்ணினா. மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கு, காலையில பார்க்கலாம்னு நானும்தான் சொன்னேன்." ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தார். "எட்டு மாசமா நீயும் சொல்லல, நானும் சொல்லல. அதனால ரெண்டு பேருக்கும் என்ன மிச்சமாச்சு?"

எனக்கு அழுகை வரவில்லை. வாயில் கிண்டலும் வரவில்லை. அதுவே எட்டு மாதத்தில் முதல் தடவை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கேப்டன் மனைவி படகோட்டிகள் சங்கத்தின் மாடி அறையில் தங்கியிருந்தார். நாங்கள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. தலை வாரி, வெளியே கிளம்புகிறவர் போல உடுத்தியிருந்தார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

மச்சானுக்கே ஒரு நொடி புரியவில்லை. "என்னம்மா?"

"விரிசல். வெளிப்பக்கமா, உள்பக்கமா?"

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனை வாக்கியங்களும் வீணாகப் போயின.

"உள்பக்கம்," என்றார் மச்சான்.

"அப்ப நான்தான்."

கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு நீலப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். பாதி தீர்ந்திருந்தது. பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், பிளாஸ்டிக், அக்ரிலிக் பரப்புகளில் உபயோகிக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தது.

"சாமான் எடுக்கப் படகுக்குப் போனப்ப இது கண்ணுல பட்டுச்சு. சும்மா திருப்பிப் பார்த்தேன். படிச்சேன். அன்னைக்கு மத்தியானம்தான் உங்ககிட்ட வந்தேன்."

அண்ணனை மாட்டிவிட வந்தவர் என்று மூன்று நாளாக நினைத்திருந்த என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை. அவர் தேடி வந்தது தன்னை.

"உங்க அண்ணனுக்கும் தெரியும்மா. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடறாரு," என்றார் மச்சான்.

"அதுதான் எனக்குத் தெரியல சார். தெரிஞ்சு எனக்காகப் போடறானா, நெஜமாவே அவன் தப்பான்னு. வெளிப்பக்கமா இருந்தா அவன், உள்பக்கமா இருந்தா நான்." பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்தார். "வெளிப்பக்கமா இருக்கக் கூடாதான்னு மூணு ராத்திரி வேண்டிக்கிட்டேன். கூடப் பொறந்தவன் ஜெயிலுக்குப் போனாலும் பரவால்ல, நானா மட்டும் இருக்கக் கூடாதுன்னு. நான் எப்பேர்ப்பட்டவள்னு பார்த்துக்குங்க."

"எல்லாருமே அப்படித்தான்மா வேண்டிக்குவோம்," என்றேன். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. அவருக்கும் அது புரிந்தது.

"மணி என்ன?"

"பதினொண்ணரை."

"ஸ்கூட்டர்ல மூணு பேர் போகலாமா?"

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் ஓடி வந்துடறேன்," என்றேன்.

மூச்சு வாங்க மாடிப்படி ஏறி நான் உள்ளே நுழைந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அதிகாரியின் மேசைமேல் தட்டச்சு செய்த காகிதம். பாலிஷ்காரர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். அவர் தங்கை மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தினமும் நான்தான் சார் துடைச்சேன், இந்த மருந்தை அடிச்சு. அதை எழுதிக்குங்க," என்றார் அதிகாரியிடம்.

"அவ அதிர்ச்சியில ஏதோ பேசறா சார். எழுதாதீங்க," என்று பாலிஷ்காரர் அவசரமாகக் காகிதத்தை இழுத்தார்.

அந்த அம்மாள் குனிந்து அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். பத்து நாளுக்குப் பிறகு அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவரும் போயிட்டாரு. நீயும் உள்ள போய் உக்காந்துட்டா நான் யார்கிட்டண்ணா போய் அழறது?"

பாலிஷ்காரர் உடைந்துபோனார். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், சத்தமாக அழுதார். மச்சான் ஸ்டிக்கரையும், நீல வட்டத்தின் அளவுகளை எழுதிய தாளையும் அதிகாரியின் முன் வைத்து, சுருக்கமாக விளக்கினார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். பாட்டிலின் பின்பக்கத்தை இரண்டு தடவை படித்தார். தட்டச்சு செய்த காகிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இது விபத்தும்மா. உங்க மேலயும் வழக்கு இல்ல, உங்க அண்ணன் மேலயும் இல்ல. நடந்ததை நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன். கோப்பை முடிச்சிடலாம்," என்றார் தணிந்த குரலில். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கையை அவர் முதுகின்மேல் வைத்துக்கொண்டார். இன்னும் அந்தக் கண்ணில் ஈரமில்லை. கடையில் சாமான் பட்டியல் சொல்வது போல நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"தினமும் காலையில எழுந்ததும், டீ போடறதுக்கு முன்னாடி, படிமேல ஏறி அதைத் துடைப்பேன். அவருக்கு வெளிச்சம் புடிக்கும்."

அதற்கடுத்த வாக்கியம் அவருக்கு வரவில்லை. வாய் திறந்திருந்தது, உதடு துடித்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.